படம் கேட்பவள்

சோப்பு வாளியில் விழுந்த நாளிலிருந்து
இந்தப் போனுக்குக் கண் இல்லை.
காதையும் நானே பிடுங்கிவிட்டேன்:
சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போட்டாயிற்று.
மிச்சம் இருப்பது வாய்.

திரை கறுத்துக் கிடந்தாலும் தொட்டால் தெரிகிறது அதற்கு.
இருட்டில் சுவிட்சைத் தேடுவது போல
என் கட்டைவிரலுக்கு இடம் மனப்பாடம்.
எட்டு ஜிபி கார்டு:
நாற்பத்தொரு பாட்டு,
யார் வீட்டதோ ஒரு வளைகாப்பு,
ஒரு முழுப் படம்.

ரெசிடென்சி ரோடு ஓட்டலின் அடித்தளத்தில்
சலவை அறை. டவர் எடுக்காது,
எடுத்தாலும் இதற்கென்ன.
காலி எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்தால்
மூன்று மெஷின்களின் இரைச்சலைத் தாண்டிப் பேசும்.
நான்காவது சுற்றும்போது மட்டும் தோற்றுப்போகும்.
முதல் தடவை, அந்த ஏழு நிமிடத்துக்குள்
கதாநாயகனின் அண்ணன் செத்தே போய்விட்டான்.

நாகவேணியும் நானும் படுக்கை விரிப்பு மடிப்பவர்கள்.
மூலைகளைப் பிடித்தபடி எதிரெதிரே நடந்து வருவோம்;
விரலும் விரலும் தொடும் இடத்தில்
ஒரு வசனத்தைக் கன்னடத்தில் கொடுப்பேன்,
வாங்கிக்கொண்டு பின்னால் போவாள்.

முப்பது தடவைக்கு மேல் கேட்டாயிற்று.
படத்தின் பெயர் தெரியாது.
பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை,
மேளம் மட்டும் அடிக்கிறார்கள்.

அவளுக்கு நான் பாக்கு நிறத்தில் புடவை கட்டியிருந்தேன்.
நாகவேணி ஒத்துக்கொள்ளவில்லை,
அவள் பார்த்ததில் பச்சைச் சுடிதார்.
எங்களுக்குள் சண்டை வராத ஒரே இடம் மழை.
"போயிடு" என்பாள் அவள்.
அப்புறம் ஒரு நிமிடம் ஒருவரும் பேசமாட்டார்கள்,
கொட்டும்,
கொட்டிக்கொண்டே இருக்கும்.
நாங்கள் விரிப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து
ஒதுங்கி நிற்போம்.

சம்பளத்தன்று எஸ்.பி. ரோடு போனேன்.
இம்தியாஸின் கடை என்பது
ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு ஸ்டூலும்.
"டிஸ்ப்ளே ஆயிரத்து எண்ணூறு.
போன் அறுநூறுக்குக்கூடப் போகாது அக்கா."
சொல்லிக்கொண்டே மூடியை நெம்பினான்,
பட்டை வயரில் வேறெதற்கோ உரிய திரையைச் செருகி
தீப்பெட்டியில் சாய்த்தான்.
முந்தின நாள் ஷிப்ட் முடிந்த இடத்திலிருந்து
ஓடத் தொடங்கியது.

"போயிடு."

மழை இல்லை.
டீக்கடை.
வாணலியில் பஜ்ஜி வேகிறது.

இத்தனை நாள் கொட்டியது எண்ணெய்.

புடவையா சுடிதாரா, பார்க்க மறந்துவிட்டேன்.
உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
பேச்சு நின்ற பிறகும் அது அசைந்துகொண்டிருந்தது.
"டப்பிங் அக்கா, தெலுங்குப் படம்"
என்று முதலுக்கு இழுத்துக் காட்டினான்.
பெயர் வந்தது.
பஸ் போர்டு படிக்கிற என் கன்னடத்தை வைத்து
ஒரே ஒரு 'ர'வைப் பிடித்தேன்,
அதற்குள் மற்ற எழுத்தெல்லாம் போய்விட்டது.

"மாத்திடட்டா?"

இந்த முகத்தை எனக்குத் தெரியாது.
எங்கோ ஒருத்தி, ஜன்னல் இல்லாத அறைக்குள்,
எங்களைப் போலவே நின்றபடி,
மைக்கைப் பார்த்து "போயிடு" என்றிருக்கிறாள்.
சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தியிருக்கலாம்,
பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணியிருக்கலாம்.
முப்பது தடவையும் நான் அவளைத்தான் கேட்டேன்.

வேண்டாம், கழற்றிடு என்றேன்.
சோதித்ததற்கு ஐம்பது வாங்கிக்கொண்டான்.

மறுநாள் மூலையைக் கையில் கொடுக்கும்போதே கேட்டாள்,
புடவைதானா?
கவனிக்கவில்லை என்றேன், நம்பவில்லை.
மழை?
பெய்தது என்றேன்.
அந்த இடம் வந்ததும் இருவரும்
விரிப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தோம்.
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்குப் பசித்தது.