முதல் ஈடு

வாக்கு எண்ணும் நாள்.
பாருக்கு விடுமுறை, ஐஸ் மெஷினுக்கும்.
ஷட்டரை முழங்கால் அளவு தூக்கி
குனிந்து நுழைந்தேன்.

"தண்ணிதான உறையுது,
அதுல என்னாய்யா அழுக்கு?"
டிவியில் மூன்றாம் சுற்று.
கலிவரதன் கண்ணை எடுக்கவில்லை.

முன்தகட்டைக் கழற்றினால்
திரைக்குப் பின்னால் இளஞ்சிவப்பாய்
வழுவழுவென்று ஒன்று,
பழைய மீனின் செவுள் நிறம்.
விரலால் இழுத்துக் காட்டினேன்.
"லாஸ்பேட்டைல யாரு முன்னணி?" என்றார்.

ஊர்த் தண்ணீர் உப்பு.
தகடெல்லாம் சுண்ணாம்பு ஏறிக் கிடந்தது.
முதலில் அமிலம். அலசல். மறுபடி அலசல்.
அப்புறம்தான் குளோரின்.
இரண்டும் பங்காளிகள்,
ஒரே வாசலில் சந்திக்கவே கூடாது.

தொட்டியடியில் சிக்கியவை:
எலுமிச்சை விதைகள்,
பீர் மூடி இரண்டு,
யாருடைய காதிலிருந்தோ ஒரு திருகாணி.
ஐஸுக்குள்ளேயே புதைந்து கிடந்த கரண்டியை
வெந்நீரில் போட்டுவிட்டு
சுவரில் ஓர் ஆணி அடித்தேன், அதற்கென்று.

நாலு மணிக்கு
முதல் ஈடு சடசடவென்று விழுந்த நேரம்
காந்தி வீதியில் வெடிச் சத்தம்.
எது எதென்று தெரியவில்லை.

"ஜெயிச்சாச்சு! மோருக்கு ஐஸ் குடு!"
துண்டு போட்ட நாலு பேர் ஷட்டரைத் தட்டினார்கள்.
"குடுத்துடு, நம்ம ஆளுங்க" என்றார் கலிவரதன்.

கண்ணாடி மாதிரிதான் இருந்தது.
வாளி வாளியாய் அள்ளி அவர்களைக் கடந்து போய்
பெரிய வாய்க்காலில் கொட்டினேன்.

"மருந்து கழுவின ஈடு. ஆகாது.
அடுத்தது இருபது நிமிஷம்."

வெற்றி பெற்றவர்கள்
காலி அண்டாவோடு
வெயிலில் நின்றார்கள்.