இருபத்து மூன்றாம் எண்

இருபது நிமிடம்.
கைப்பேசி என்னிடம்.
வாயில் பஞ்சுத் திரி, போகும்போது ஒன்று,
வந்ததும் ஒன்று.
இவ்வளவுதான் ஆய்வு.
எச்சிலில் எத்தனை கவலை என்று
மூன்றாம் மாடி இயந்திரம் சொல்லிவிடும்.

வால்டிவியாவில் மழை நிற்பதில்லை;
சற்றே உட்கார்ந்து எழும்.
அது உட்காரும் நேரம் பார்த்து
மாணவர்களை அனுப்புவேன்
நூலகத்தின் பின்னால், குளத்தோரம்,
அராயான் மரங்களுக்குள்.
செம்பு நிறப் பட்டை. தொட்டால் சில்லென்றிருக்கும்,
காய்ச்சல் விட்ட நெற்றிபோல.

பாதிப் பேருக்கு மரம்.
மீதிப் பேருக்கு வண்டி நிறுத்துமிடம்:
பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே சுவர்.
ஒப்பிட ஒன்று வேண்டுமே.
சீட்டுக் குலுக்கியவள் நான்தான்.
சுவர் விழுந்தவர்களின் முகத்தை
நிமிர்ந்து பார்த்ததில்லை.

எலிசியோ, இருபத்து மூன்றாம் எண்,
கட்டடக் கலை, நான்காம் ஆண்டு.
மூன்று இரவு அட்டை வெட்டி ஒட்டிய விரல்களில்
பசை காய்ந்து தோலாய் உரிந்தது.
முதல் பஞ்சைக் கடித்தபடியே கேட்டான்,
"நான் தேறுவேனா?"
இதில் தேர்ச்சி கிடையாது என்றேன்.
நம்பவில்லை.

இருபது நிமிடம் கழித்துப் போனேன்.
வேர்களுக்கு நடுவே இன்னொரு வேராக
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
சுக்காவ் குருவி
வலப்பக்கம் கூவினால் நல்லது நடக்கும்,
இடப்பக்கம் கூவினால் ஆகாது என்பார்கள் இந்தப் பக்கம்.
அது கூவவேயில்லை.
அவன் காலணி மேல் ஏறி நின்று
நாடாவை இழுத்துப் பார்த்தது.
அதற்குச் சகுனம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

எழுப்ப வேண்டும். அதுதான் விதி.
உறங்கியவன் எச்சிலுக்குக் கணக்கு வேறு.
பஞ்சைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு
நானும் உட்கார்ந்தேன்.
ஈரம் கால்சட்டைக்குள் ஏறியது.
டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது;
அதை யாரும் பஞ்சில் ஒற்றி எடுத்ததில்லை.
குளத்தில் கறுப்புக் கழுத்து அன்னம் ஒன்று
தலையை நீருக்குள் விட்டது,
வெகுநேரம் எடுக்கவில்லை.
எண்ணத் தொடங்கினேன்,
பாதியில் விட்டுவிட்டேன்.

மழை எழுந்தது.
முதலில் அது இலைகளுக்கு வந்தது.
எங்களிடம் வந்து சேர
இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

அட்டவணையில் எழுதினேன்:
23. பின்: விடுபட்டது.

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது அதனால் இல்லை.
ரயென், நாற்பத்தொன்றாம் எண், செவிலியர் படிப்பு, சுவர்.
அவள் எண்ணிக்கை
மரத்தடிக்காரர்கள் எல்லோரையும்விடக் கீழே இறங்கியிருந்தது.
குழாய் மாறியிருக்கும் என்றார் மேற்பார்வையாளர்.
மாறவில்லை.
கூப்பிட்டுக் கேட்டேன்.
தோளைக் குலுக்கினாள்.
"விரிசலில் ஒரு பெரணி இருந்தது, இத்துனூண்டு.
பதினொரு சுருள்.
ஒன்று அவிழ்கிற மாதிரி இருந்தது.
அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்."

அறிக்கையில் பெரணிக்குப் பத்தி இல்லை.
அங்கே 'சுவர்' என்றே இருக்கிறது,
இருக்கட்டும்.

நாளைய குலுக்கலில்
என் பெயரையும் எழுதிப் போட்டிருக்கிறேன்.
எது விழுந்தாலும் சரி.