பீப்பாய் ஒன்றுக்கு

ஜாலான் அம்பாங், பத்தொன்பதாம் மாடி.
ஐந்தாண்டுத் திட்டத்தின் கணக்குத் தாளில்
ஏழாவது வரிசை, மூன்றாவது கட்டம்:
பீப்பாய் ஒன்றுக்கு எத்தனை டாலர்?

எழுபது என்று தட்டுகிறேன்.
பகாங்கில் ஒரு பாலம் எழும்புகிறது.
செந்தூலில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு மூன்றாவது மாடி.
ஐம்பத்தெட்டு.
பாலம் பாதி ஆற்றில் நிற்கிறது.
மூன்றாவது மாடி
'அடுத்த திட்டத்தில் பரிசீலிக்கப்படும்' என்று
அடிக்குறிப்பாகச் சுருங்குகிறது.

எள் என்றால் எண்ணெயாய் நிற்கிற பிள்ளைகள் நாங்கள்.
துவான் ஷாஹ்ரில்
"இன்னும் கொஞ்சம் நம்பிக்கையோடு" என்றால்
அறுபத்தைந்தாய் நிற்போம்.
மிஸ் இயோ மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார்:
"இது விலையா, வேண்டுதலா?"
கூட்டக் குறிப்பில் அது ஏறுவதில்லை.
குறிப்பெடுப்பவள் நான்தான்.

ஒன்பது மணிக்குத் திரெங்கானு கடலிலிருந்து கணவர்.
பதினான்கு நாள் மேடையில், பதினான்கு நாள் வீட்டில்.
குரல் காற்றில் அறுந்து அறுந்து வருகிறது:
"கிணறு கிழடு தட்டிடுச்சு யசோ.
பத்து வாளி ஏறினா எட்டு வாளி தண்ணி.
அதைப் பிரிச்சு மறுபடி பூமிக்குள்ளேயே தள்றோம்.
தள்றதுக்கும் எரிக்கணும்ல?"
பிறகு, அதே மூச்சில்,
வீட்டுத் தவணை கட்டியாச்சா என்று கேட்டார்.

நாட்டின் வரைபடம் ஐம்பதாம் ஆண்டோடு முடிகிறது.
எங்கள் வீட்டுக் கடன்
அதைத் தாண்டியும் ஓராண்டு போகிறது.

எல்லோரும் கிளம்பிய பிறகு
அந்தக் கட்டத்தில் சுழியம் இட்டேன்.
சிவக்கும், பள்ளம் தெரியும்,
எவ்வளவு ஆழமென்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான்.
தெரியவில்லை.
தாள் முழுக்க ஒரே சொல்: பிழை. பிழை. பிழை.

சூத்திரங்களைப் பிரித்துக்கொண்டே போனேன்.
எத்தனையோ திட்டங்களுக்கு முன்பு
யாரோ ஒருவர்
எல்லாவற்றையும் இந்தக் கட்டத்தால் வகுத்திருக்கிறார்.
மருத்துவமனைப் படுக்கைகளை,
உதவித்தொகைகளை,
ஏனென்று புரியவில்லை, மழையளவைக்கூட.
சுழியத்தால் வகுக்க முடியாது.
நான்காம் ஆண்டிலேயே படித்தது.

எண்ணெய் இல்லாத ஒரு நாளை
எண்ணிப் பார்க்க
இந்தத் தாளில் இடமே விடவில்லை.

எழுபதைத் திரும்ப இட்டேன். பாலம் எழும்பிற்று.
மிஸ் இயோவின் கேள்வியை
கூட்டக் குறிப்பில், நான்காம் பத்தியில்,
அவர் பெயரோடு ஏற்றினேன்.

கீழே
நள்ளிரவுக்கு விலை ஏறுகிறதாம்.
பெட்ரோல் நிலையத்து வரிசை சமிக்ஞை விளக்கு வரை வளைந்திருக்கிறது.
மோட்டார் சைக்கிள்கள், பள்ளி வேன் ஒன்று,
கதவைத் திறந்துவைத்து நாசி லெமாக் தின்னும் ஒருவர்.
லிட்டருக்கு எட்டுக் காசு மிச்சம் பிடிக்க
நாற்பது நிமிடம்,
யாரும் இஞ்சினை அணைக்கவில்லை.

என் தொட்டியில் முக்கால்வாசி இருந்தது.
நானும் போய் நின்றேன்.