மொழிபெயர்ப்புப் பிரிவு

ஒட்டாவாவில் மேடையேறியபோது
பூட்ஸ் ஓரத்தில் தெரு உப்பு
வெள்ளையாய்ப் படிந்திருந்தது.
இரண்டு மொழியிலும் அறிவித்தார்கள்.
பிரெஞ்சில் என் பெயர் கொஞ்சம் இழுபட்டது.

மூன்றாண்டுக்கு முன் இதே விருதுக்கு
ரெஜான் பூஃபார் எழுதிய மூலம்
குறும்பட்டியலைக்கூட எட்டவில்லை.
மத்தானில் ஏதோ கொஞ்சம் விற்று
மீதி அவர் மச்சானின் படகுக் கொட்டகையில்
இறால் கூடைகளுக்கு அடியில் கிடந்தது.

அந்த நூலில் ஒரு சொல்: பூத்ரெரி.
விழுந்து அடங்கிய பனியைக்
காற்று மறுபடி கிளப்பி வீசுவது.
என் ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு பெயர் உண்டு,
இரண்டும் வானிலை அறிக்கை.
பதினோரு மாதம் மல்லுக்கட்டிக்
கடைசியில் அப்படியே இருக்கவிட்டேன்,
வாடகை தராத குடித்தனக்காரனைப் போல.

நடுவர் குறிப்பு அந்தப் பக்கத்தைத்தான் புகழ்ந்தது:
துணிச்சலான தேர்வு.

இரவு அவரை அழைத்தேன்.
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.
"ஆக, என் புத்தகம்
என் வீட்டில் தோற்று
உன் வீட்டில் ஜெயித்திருக்கிறது.
காசோலையில் பங்கு வேண்டாம், மொரீன்.
அட்டையில் பொன்னிறமாய் ஒட்டுவார்களே,
அந்த வில்லை,
ஒரு சுருள் அனுப்பு.
கொட்டகையில் முந்நூறு பிரதி இருக்கிறது."

விதிப்படி கூடாது என்றேன்.
பதில் இல்லை. தண்ணீர் மட்டும் ஓடிற்று.

அஞ்சலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று
விடுதி வரவேற்பறைப் பையனைக் கேட்டேன்.
எந்த மொழியில் கேட்டேன் என்று
நினைவில்லை.