எழுபத்தொன்று

எட்டு ஆண்டு, அல்லது
ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர்,
எது முந்துகிறதோ அது.
இந்த வரியை எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்.
வாசிக்கையில் குரல் தானாகவே இறங்கிவிடும்,
பக்கத்து அறையில் நோயாளி படுத்திருப்பதுபோல.

ரிஸ்டென் முதலில் வந்தது அக்டோபரில்.
கௌத்தொகெய்னோவிலிருந்து ஆல்ட்டாவுக்கு
நூற்றிமுப்பது கிலோமீட்டர், ஆற்றை ஒட்டிய சாலை.
வீடு வீடாகப் போய் ஊசி போடுகிறவள், புண் கட்டுகிறவள்.
"முன்பு மூன்று நாள் ஓடும்.
இப்போது இரண்டாம் நாள் மத்தியானமே மூச்சு வாங்குகிறது."
ஒயரைச் செருகிப் பார்த்தேன்.
எழுபத்து மூன்று சதவீதம்.
எழுபதுக்குக் கீழே இறங்கினால்தான் புது பேட்டரி.
"அப்படியென்றால் நன்றாக இருக்கிறதா?"
"நன்றாக இல்லை.
போதுமான அளவு கெடவில்லை."

டிசம்பரில் எழுபத்திரண்டு.
ஜனவரிக் கடைசியில் எழுபத்தொன்று.
அதற்குள் அவள் நடப்பே மாறியிருந்தது.
எப்போதும் வேகச் சார்ஜரில்தான் போடுகிறாளாம்,
நூறு தொடாமல் கழற்றுவதில்லையாம்,
கூடாது என்று கையேட்டில் அச்சடித்த ஒவ்வொன்றையும்
பத்தியம் மாதிரிக் கடைப்பிடிக்கிறாளாம்.
அடுத்தவர் காய்ச்சலை இறக்கியே பழகிய கை
ஒரு நோய் முற்றட்டும் என்று காத்திருக்கிறது.
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
ஸ்டெய்னார் அறையில் இல்லாததால்
நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
நாங்கள் அளப்பது உள்ளே, இருபது டிகிரியில்,
வண்டி ஒரு ராத்திரி முழுக்கக்
கூடத்தில் குளிர் காய்ந்த பிறகு.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
எழுதிக் கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை.
அவர்கள் வாக்குக் கொடுத்தது
இந்த அறைக்கு.

பிப்ரவரி இருபத்தாறு.
கெடு முடிய நாலு நாள்.
எழுபது புள்ளி நான்கு.
வாயால் சொல்லாமல்
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
ஸ்டெய்னார் கெட்டவன் அல்ல,
ஓஸ்லோவுக்கு இரண்டு முறை எழுதினான்.
பதில் அன்றே வந்தது.
"எங்கள் மீது நீங்கள் வைத்த நம்பிக்கைக்கு நன்றி"
என்று தொடங்கியது.
அந்த வரியை மட்டும் அவள் மறுபடி படித்தாள்.
"நம்பிக்கை என்று யார் எழுதினார்கள்?
நான் பேட்டரி என்றுதானே எழுதச் சொன்னேன்?"

காலை ஏழு மணிக்கு அவளுக்கு
ஒரு கிழவரின் காலில் கட்டு மாற்ற வேண்டும்.
வழியில் மாசேயில் இருக்கும் ஒரே சார்ஜர்
போன வாரமே விறைத்துப் படுத்துவிட்டது.
"இன்று ராத்திரி வீடு போய்ச் சேருமா?"
"சேரும்."
"இதைச் சொல்வது கம்பெனியா, நீயா?"
"நான்."
முத்திரை இல்லை, தேதி இல்லை,
இன்னின்னவற்றுக்குப் பொருந்தாது என்ற பட்டியல் இல்லை.
தலையாட்டினாள். கையுறையை மாட்டிக்கொண்டு
கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகுதான் கணக்குப் போட்டேன்.
நூற்றிப் பதினெட்டு வந்தது.
ஹீட்டரை அணைத்தால், காற்று எதிரே வராதிருந்தால்
நூற்றிமுப்பது. வரலாம்.
வீட்டுக்குப் போன் செய்து
சாப்பாட்டை மூடி வைக்கச் சொன்னேன்.
முற்றத்தில் பழைய டீசல் இழுவை வண்டியைக்
கிளப்பி ஓடவிட்டேன்.
அது எங்கள் கடையில் எவரும்
வாடிக்கையாளர் கண்ணில் படும்படி நிறுத்தாத வண்டி.
சங்கிலி, கம்பளி, ஃபிளாஸ்க்.
எட்டு மணி. ஒன்பது.
ஒன்பதரைக்கு மேல் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத்
தரையைக் கூட்டினேன்,
கூட்டிய தரையையே திரும்பவும்.

பத்தேகாலுக்குச் செய்தி.
"வந்துவிட்டேன். இரண்டு சதவீதம் மிச்சம். கால் எங்கே என்று தெரியவில்லை."
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று:
"நீ இன்னும் கடையிலேயா இருக்கிறாய்?"

இல்லை, வீட்டில், என்று எழுதி அனுப்பிவிட்டு
வெளியே போய்
எஞ்சினை அணைத்தேன்.