பன்னிரண்டும் பத்தும்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில்
வண்டி நிறுத்த இடம் கிடைத்தாலே
பாதி வேலை முடிந்த மாதிரி.
தணிகாசலம் நிறுத்திவிட்டு
டிக்கியைத் திறந்தார்.
ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு பன்னிரண்டு அங்குலம்,
பழைய லுங்கியில் சுற்றிய ஒரு பத்து.

பன்னிரண்டு அவருடையது.
முந்தின வண்டியை விற்கும்போது
இதை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டாராம்.
பத்து, மச்சான் டில்லிபாபு கொடுத்தது.
பதினோராயிரம் ரூபாய்க் கடன்
பணமாக வராமல்
காந்தமும் காகிதக் கூம்புமாக வந்திருந்தது.

"ரெண்டையும் சேத்துப் போடு."

சேராதுண்ணே என்றேன்.
இதைச் சொல்லிச் சொல்லியே
எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.
அது நாலு ஓம், இது ரெண்டு.
அது துளை வைத்த பெட்டி கேட்கும்,
இது மூடின பெட்டி.
ஒன்று மூச்சை இழுக்கிற நேரத்தில்
மற்றது விடும்.
ஒன்றை விற்றுவிடுங்கள்,
மீதிக்கு ஜோடி பார்த்துத் தருகிறேன்.

"எதை விக்கறது?
என்னுத வித்தா எனக்கு மனசு கேக்காது.
அவன்துத வித்தா
வூட்ல கேப்பாங்க."

போட்டேன்.
இரண்டு பெட்டி, இரண்டு ஆம்ப்,
பேட்டரியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒயர்.
ப்ளைவுட் தூள் வியர்வையில் ஒட்டி
முழங்கை வரை மாவு பிசைந்தவன் போலிருந்தேன்.
நாலரை மணிக்கு
ஐம்பது ஹெர்ட்ஸை ஓடவிட்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

ஒயர் விட்டுப்போச்சோ என்று
டிக்கிக்குள் தலையை விட்டால்
இரண்டு கூம்பும் குதிக்கின்றன.
விரல் வைத்தேன். துடிக்கிறது.
வண்டிக்குள் கேட்டதெல்லாம்
மவுண்ட் ரோட்டுப் பக்கம் போகிற பஸ்ஸின் ஹாரன்.
இவ்வளவு உழைப்பும்
இவ்வளவு பேச்சின்மையும் ஒரே இடத்தில்
வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன்.

பத்தின் ஒயரைத் திருப்பிப் போட்டேன்,
சிவப்புக்குக் கறுப்பு.
இடி இறங்கியது.
நம்பர் பிளேட் பல்லைக் கடித்தது.
சீட் கவர் மஸ்தான் கனி
ஊசியும் கையுமாக எழுந்து வந்து பார்த்தார்.

ஆனால் அறுபத்து மூன்றில் ஒரு பள்ளம்.
டிலே கொடுத்தேன்,
கெயினைக் குறைத்தேன்,
பெட்டியைச் சாய்த்து வைத்தேன்.
பள்ளம் மூடவில்லை, நகர்ந்தது.
மெட்ரோவுக்குத் தோண்டிய ரோடு மாதிரி
இங்கே மூடினால் அங்கே வாய் திறந்தது.
கடைசியில் வந்து
டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

பின்சீட்டில் முதுகுத்தண்டு அதிர்கிறது.
முன்னால்,
ஸ்டியரிங்குக்கு நேரே தலை இருக்கிற இடத்தில் மட்டும்
ஒரு சாண் அகலத்துக்கு
அடி இல்லை.

நாளைக்கு வாங்கண்ணே, சரி பண்ணிடறேன் என்றேன்.
அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.
கண்ணையும்.
ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்றும்.
எர்ணாவூரிலிருந்து ஏர்போர்ட்,
ஏர்போர்ட்டிலிருந்து சிறுசேரி,
ராத்திரி இரண்டு மணிக்குப் பின்சீட்டில் ஏறி
"அண்ணா, சவுண்டு வைங்க" என்கிற பசங்கள்.
கண்ணாடியை இறக்கினார்.

"இது இப்டியே இருக்கட்டும்.
எவ்ளோ ஆச்சு?"

முடியாத வேலைக்கு
என்ன கூலி எழுதுவது?
பில்லில் பேனா நின்றது.
இருநூறு குறைத்துப் போட்டேன்.
அந்த இருநூறையும்
மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் டில்லிபாபுவோடு வந்தார்,
ஃப்யூஸ் மாற்ற.
டில்லிபாபு டிரைவர் சீட்டில் ஏறி
வால்யூமைத் திருகினார்.
இன்னும் திருகினார்.
"எங்க மாமா என் பத்து?"

"பின்னால போய் உக்காரு."

போனார்.
தூசி படிந்த கண்ணாடிக்குள்
ஒரு தலை மட்டும்
தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி
ஆடிக்கொண்டிருந்தது.

அந்தப் பதினோராயிரம் என்று ஆரம்பித்தேன்.
தணிகாசலம்
தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து
கதவை இழுத்துக்கொண்டார்.