தேர்ச்சி

மார்ச் மாதக் காயானி. உப்புக் கரைசல் சொட்டச் சொட்ட
மேடையேறியது அந்தச் சின்னக் கார்.
பதினேழு வயது. வெளிர்நீலம்.
பின்னிருக்கையில் ஒரு குழந்தைக் கையுறை, ஒற்றை.

முகப்பு விளக்கு வானம் பார்க்கிறது: எழுதினேன்.
பின் சுருள்வில்லில் ஒரு சுற்று காணோம்: எழுதினேன்.
கைப்பிரேக் இடது சக்கரத்தைப் பிடிக்கிறது,
வலது அதற்கு யாரோ.
இந்த ரகத்துக்கே உள்ள வியாதிகள்தான்.

பிறகு கதவடிச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினேன்.
டங், டங், டங்,
பொத்.
நனைந்த பிஸ்கட்டுக்குள் போவதுபோல் போனது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராய்லி ஹூட்டினென்
காலிக் காகிதக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.
ஜனவரியில் வாங்கினாளாம், ஆயிரத்து முந்நூறு யூரோ.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை,
முப்பது கிலோமீட்டர், அந்நேரத்துக்குப் பேருந்து கிடையாது.
"இதை நம்பித்தான் வாங்கினேன்"
போன வருட அறிக்கையை நீட்டினாள்.

கதவடிச் சட்டம்: மேல்துரு, கவனிக்கவும். தேர்ச்சி.
கீழே ஒரு கையெழுத்து.
அந்த வளைந்த வால் என்னுடையது.

வெள்ளிக்கிழமையாக இருந்திருக்கலாம்.
கடைசி வண்டியாக.
சுத்தியலை எடுத்தேனா அன்று?
தாளில் அது இல்லை.

"இந்தக் குளிர்காலத்துத் துருவா, பழசா?"
துரு தேதி போட்டு வருவதில்லை என்றேன்.
உண்மைதான்.
இவ்வளவு வசதியாக இருந்திருக்க வேண்டாம்.

தோல்வி. இரண்டு மாத அவகாசம். முத்திரை.
விளக்கை மட்டும் நானே திருகித் தாழ்த்தினேன்,
கட்டணமில்லாமல்.

அதற்குப் போய் நன்றி சொன்னாள்,
இரண்டு முறை.